வேலமரத்துக் கொக்கும் குட்டநாட்டு வாத்தும்

கோவிந்தாபுரத்துக்கு அருகில் ஒப்பந்த முறையில் ஐயாயிரம் கறிக்கோழி வளர்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறார். பறவைக் காய்ச்சல் ஆலப்புழைப் பக்கமே திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பது முதல் கேள்வி. வைரஸ் உருமாறுகிறது என்கிறார்களே, அதற்கு என்ன பொருள் என்பது இரண்டாவது. கொட்டகைக்குப் பின்னால் ஏரிக்கரை வேலமரங்களில் அடையும் கொக்குகளால் ஆபத்து, மரங்களை வெட்டிவிடலாம் என்று பக்கத்துத் தோட்டத்தார் வற்புறுத்துகிறார்கள், அது சரிதானா என்பது மூன்றாவது. இரண்டாம் போக அறுப்பு முடிந்ததும் வயலில் வாத்து இறக்கிக்கொள்ளட்டுமா என்று ஆலப்புழையிலிருந்து ஒருவர் வந்து கேட்டிருக்கிறார், விடலாமா என்பது கடைசி. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மரத்தை வெட்ட வேண்டாம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஏன் வேண்டாம் என்பதைப் புரிந்துகொள்ள வைரஸின் மரபணுவுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டியிருக்கிறது, ஆகவே இரண்டாம் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பறவைக் காய்ச்சலை உண்டாக்குவது இன்ஃப்ளூயன்சா ஏ வகை வைரஸ். அதன் மரபுச் செய்தி முழுவதும் ஏறக்குறைய 13,500 எழுத்துகள்தாம். அந்த எழுத்துகள் ஒரே இழையில் தொடராமல் எட்டுத் தனித்தனி ஆர்.என்.ஏ. துண்டுகளாக இருக்கின்றன. உருமாற்றம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நிகழ்வுகள். ஒன்று, படியெடுக்கும்போது ஏற்படும் எழுத்துப்பிழை. நம் உடலின் செல்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்கையில் பிழை பார்த்துத் திருத்திக்கொள்ளும். இந்த வைரஸின் படியெடுக்கும் நொதிக்கு அந்தத் திருத்தும் வேலை தெரியாது. அதனால் ஆண்டுக்கு ஆயிரம் எழுத்துக்கு மூன்று முதல் ஐந்து வரை மாறிக்கொண்டே போகின்றன. இது வைரஸுக்குப் பயன்படுகிறதோ இல்லையோ, நமக்கு மிகவும் பயன்படுகிறது. இரண்டு பண்ணைகளில் எடுத்த வைரஸ்களுக்கிடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணிப் பார்த்தால், அவை இரண்டும் ஏறத்தாழ எத்தனை நாளுக்கு முன் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்தன என்று கணக்கிட்டுவிடலாம். யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்ற வழக்கில் சாட்சி சொல்லும் ஆவணம் அதுதான்.

இரண்டாவது நிகழ்வு, கலப்பு. ஒரே வாத்தின் குடலில் ஒரே நேரத்தில் இரண்டு வேறு இன்ஃப்ளூயன்சா வைரஸ்கள் புகுந்துவிட்டால், புதிய வைரஸ்கள் கட்டப்படும்போது இதிலிருந்து மூன்று துண்டு, அதிலிருந்து ஐந்து துண்டு என்று மாறிச் சேரக்கூடும். எட்டுத் துண்டுகளுக்கும் இரண்டிரண்டு வாய்ப்பு என்றால் 256 விதமான சேர்க்கைகள். எழுத்துப்பிழை மெல்ல நடக்கும் வேலை. கலப்பு ஒரே இரவில் நடந்துவிடும்.

எட்டில் இரண்டு துண்டுகளின் பெயரைத்தான் செய்தித்தாள்கள் சொல்கின்றன. வைரஸின் மேற்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் செல்லைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய உதவுகிறது. நியூராமினிடேஸ் என்பது வெளியேறும்போது பிடியை அறுத்துவிடுகிறது. பறவைகளில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஹீமக்ளூட்டினின் வகைகள் பதினாறு, நியூராமினிடேஸ் வகைகள் ஒன்பது. எச்5என்1, எச்5என்8, எச்9என்2 என்பவையெல்லாம் இந்த இரண்டின் எண்களே. மீதி ஆறு துண்டுகளைப் பற்றி இந்தப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே எச்5என்1 என்ற ஒரே பெயரில் மிகத் தூரத்து உறவுள்ள இரண்டு வைரஸ்கள் இருக்க முடியும், இருக்கவும் செய்கின்றன. பெயரைப் பார்த்து “அதே நோய் திரும்ப வந்துவிட்டது” என்று முடிவுகட்டுவது இனிஷியலைப் பார்த்து அண்ணன் தம்பி என்று நினைப்பதைப் போன்றது.

இந்த வகைகள் அனைத்தும் நீர்ப்பறவைகளில் காணப்படுகின்றன. வாத்துகளில் இந்த வைரஸ் மூச்சுக்குழாயைவிடக் குடலில் பெருகி, எச்சத்தோடு வெளியேறி, ஏரி நீரின் வழியாக அடுத்த வாத்துக்குப் போகிறது என்பதை 1970களில் ராபர்ட் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். வைரஸ் 22 பாகை வெப்பமுள்ள நீரில் நான்கு நாள் வரையும், உறைநிலையை ஒட்டிய நீரில் முப்பது நாளுக்கு மேலும் தாங்கும் என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடுகிறது. சைபீரிய ஏரிக்கு இது பொருந்தும். நம் பக்கத்து ஏரி நீர் பெரும்பாலான மாதங்களில் 22 பாகைக்கு மேல்தான் இருக்கிறது. எனவே இங்கே தண்ணீரில் பழைய வைரஸ் தங்கியிருப்பதைவிட, அதே நீரில் இறங்கும் பறவைகள் நாள்தோறும் புதிதாக இடுவதே கவனிக்க வேண்டியது.

காட்டு வாத்தின் குடலில் இருக்கும் வைரஸ் அந்த வாத்தைக் கொல்வதில்லை. அதுவே கோழிக்கு வந்தாலும், தொடக்கத்தில் தீவனம் குறைவாக எடுக்கும், முட்டை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இதைக் குறைவீரிய வகை என்கிறோம். பின் கொட்டகையையே இரண்டு மூன்று நாளில் காலிசெய்யும் வைரஸ் எங்கிருந்து வந்தது? இந்த விஷயத்தில் மிக முக்கியமான கேள்வி இதுதான்.

ஹீமக்ளூட்டினின் ஒரு முழுநீளப் புரதமாகத் தயாராகிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் அதை வெட்டிவிட்டால்தான் வைரஸால் அடுத்த செல்லுக்குள் நுழைய முடியும். வெட்டுவதற்கான கத்தி வைரஸிடம் இல்லை, பறவையின் உடல்தான் அதைக் கொடுக்க வேண்டும். குறைவீரிய வைரஸில் வெட்டிடத்தை ஒட்டி அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் ஒன்றுதான் நிற்கிறது. அதை வெட்டத்தக்க நொதி மூச்சுப்பாதையிலும் குடலிலும் மட்டுமே கிடைப்பதால் நோய் அந்த இடங்களோடு நின்றுவிடுகிறது. எச்5, எச்7 ஆகிய இரண்டு வகைகளில் மட்டும், இந்த இடத்தில் அர்ஜினைனும் லைசினும் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும் பிழை இயற்கையில் நேர்கிறது. அப்படிச் சேர்ந்துவிட்டால் ஃபியூரின் என்ற நொதி அதை வெட்டும். ஃபியூரின் இல்லாத உறுப்பே உடலில் இல்லை. மூளை, இதயம், கணையம், இரத்தக் குழாயின் உட்சுவர் என்று எங்கும் வைரஸ் பெருகுகிறது. கொண்டை நீலம் பாய்வதும், காலின் செதில் தோலில் சிவப்புத் திட்டுகள் தெரிவதும், காலையில் நன்றாக இருந்த கோழி மாலையில் கிடப்பதும் இதனால்தான். சில அமினோ அமிலங்களின் வேறுபாடு, ஐயாயிரம் கோழி.

அந்தப் பிழை பெரும்பாலும் நேர்வது காட்டுப் பறவையில் அன்று, கோழிக் கொட்டகையில். 1983 ஏப்ரலில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எச்5என்2 குறைவீரிய வைரஸ் பண்ணைகளுக்குள் வந்து, மாதக் கணக்கில் கோழிகளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அக்டோபரில் அதே வைரஸ் கொல்லியாக மாறியது. வெட்டிடத்தை மறைத்துக்கொண்டிருந்த சர்க்கரை மூலக்கூறு ஒன்று, ஹீமக்ளூட்டினினில் நேர்ந்த ஒரே ஓர் அமினோ அமில மாற்றத்தால் இல்லாமற்போனதே காரணம் என்று பின்னர் கண்டறிந்தார்கள். ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கோழிகளை அழித்த பின்னரே அது அடங்கியது. நெருக்கமாக, ஒரே இனமாக, ஒரே வயதில் ஆயிரக்கணக்கான கோழிகள் நிற்கும் இடத்தில், சீக்கிரம் கொன்றுவிடும் வைரஸுக்குக்கூட அடுத்த கோழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வானத்தில் பறக்க வேண்டிய வாத்தை அப்படிக் கொன்றுவிட்டால் வைரஸும் அதோடு முடிந்துவிடும். இயற்கைத் தேர்வு இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வேலை செய்வதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன்.

இன்று உலகெங்கும் சுற்றும் எச்5 வைரஸ்களின் ஹீமக்ளூட்டினின் துண்டைப் பின்னோக்கித் தேடிப் போனால் அது 1996இல் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் பண்ணைப் பெருவாத்து (கூஸ்) ஒன்றில் கண்டறிந்த வைரஸில் போய் நிற்கிறது. மறு ஆண்டே ஹாங்காங்கின் கோழிச் சந்தைகளிலிருந்து மனிதர்களுக்கு வந்தது. 18 பேருக்கு நோய் உறுதியாகி 6 பேர் இறந்தார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள் அது கிழக்காசியக் கோழி வாத்து வணிகத்துக்குள் வளர்ந்த நோயாகவே இருந்தது. 2005இல் சீனத்தின் சிங்ஹாய் ஏரியில் வரித்தலை வாத்துகளும் பிற நீர்ப்பறவைகளும் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தபோது கதை திரும்பியது. வளர்ப்புப் பறவைகளில் கொல்லியாக மாறிய வைரஸ் காட்டுப் பறவைகளுக்குத் திரும்பிப் போய்விட்டது. அதே கிளை அடுத்த சில மாதங்களில் ஐரோப்பாவையும் ஆப்பிரிக்காவையும் எட்டியது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் பரவல் உறுதியானது. ஆக, கொக்கு கொண்டுவந்ததா, கோழி வியாபாரம் கொண்டுவந்ததா என்ற சண்டையில் இரு தரப்பும் பாதி சரி. கொல்லியை உண்டாக்கியது நம் கொட்டகை. அதை இப்போது சுமந்து திரிபவற்றுள் காட்டுப் பறவையும் ஒன்று.

ஒவ்வொரு பரவலிலும் இந்தப் பாதியின் அளவு மாறுகிறது, அதை அறிய மரபணுவைப் படித்தால்தான் முடியும். 2014 கடைசியில் ஆசியாவின் எச்5என்8 வைரஸ் பெரிங் நீரிணைப் பகுதியில் கலக்கும் காட்டுப் பறவைகளின் வழியாக வட அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே உள்ளூர் வாத்து வைரஸ்களோடு கலந்து, ஆசிய ஹீமக்ளூட்டினினும் அமெரிக்க நியூராமினிடேஸும் கொண்ட எச்5என்2 உருவானது. 2015இல் அது வான்கோழி, முட்டைக்கோழிப் பண்ணைகளை அழித்தபோது, மொத்த இழப்பு ஏறத்தாழ ஐந்து கோடிப் பறவைகள். ஆனால் பண்ணைக்குப் பண்ணை எடுத்த மாதிரிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியிருந்தன. முதலில் காட்டுப் பறவையிடமிருந்து வந்தது, பிறகு பெரும்பகுதி பண்ணையிலிருந்து பண்ணைக்கு ஆட்களாலும் வண்டிகளாலும் போயிற்று என்று தெரிந்தது. 2022இல் அதே நாட்டில் எச்5என்1 பரவியபோது படம் தலைகீழ். பக்கத்துப் பக்கத்துப் பண்ணை வைரஸ்களே ஒன்றுக்கொன்று தொலைவாகவும் அந்தந்த வட்டாரக் காட்டுப் பறவை வைரஸுக்கு அருகிலும் இருந்தன. பெரும்பாலான பண்ணைகளுக்கு அது தனித்தனியே வானிலிருந்து இறங்கியிருக்கிறது. ஒரே நாடு, ஏழு ஆண்டு இடைவெளி, இரண்டு வேறு விடைகள். இதைப் படித்த பிறகு, மாதிரியின் மரபணுவைப் பார்க்காமலே “வலசைப் பறவைகள்தான் காரணம்” என்று முதல் நாளே அறிக்கை வருகிறபோது எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

இனி ஆலப்புழையும், அதைச் சூழ்ந்து தாழ்நில நெல்வயல்களாகக் கிடக்கும் குட்டநாடும். 2014 நவம்பரில் ஆலப்புழை, கோட்டயம், பத்தனம்திட்டை மாவட்டங்களில் வாத்துகள் கூட்டமாகச் செத்தன, அது எச்5என்1. 2016 அக்டோபரில் அதே குட்டநாட்டில் மீண்டும் வந்தது, ஆனால் அது எச்5என்8. 2021 ஜனவரியில் மறுபடி எச்5என்8, அதே ஆண்டு டிசம்பரிலும் 2024 ஏப்ரலிலும் எச்5என்1. 2014இல் வந்தது 2.3.2.1 என்று எண்ணிடப்பட்ட கிளை. 2016இன் எச்5என்8, 2.3.4.4 என்ற வேறு கிளை. அடங்கிய நெருப்பு சாம்பலுக்குள் கனன்று மீண்டும் எரிந்திருந்தால் இரண்டு முறையும் ஒரே கிளை இருந்திருக்கும். 2016இல் வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்திருக்கிறது. வாத்துகளின் சாவு அக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையே தொடங்கிய ஆண்டுகளில், மத்திய ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தெற்கே வந்து சேரும் காலத்தோடு அது பொருந்துகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. 2024 அப்படிப் பொருந்தவில்லை. சித்திரையில் தொடங்கி மழைக்காலம் வரை நீண்டது. அதற்குள் வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை திரும்பிவிட்டிருக்கும். அந்த ஆண்டு ஆலப்புழையில் காகங்களிலும் வைரஸ் உறுதிசெய்யப்பட்டது. வந்தது எப்படியோ, அவ்வளவு நாள் நீடித்தது உள்ளூர்ப் பறவைகளாலும் நம் வளர்ப்புமுறையாலும்தான் என்று நான் கருதுகிறேன்.

குட்டநாடு ஏன் இதற்கு இவ்வளவு இணக்கமான இடமாக இருக்கிறது என்பதற்கு வாத்தின் உடலிலேயே ஒரு காரணம் உண்டு. செல்லுக்குள் வைரஸின் ஆர்.என்.ஏ. நுழைந்ததும் அதை இனங்கண்டு எச்சரிக்கை எழுப்பும் ரிக்-ஐ என்ற புரதம் வாத்துக்கு இருக்கிறது. கோழிக்கு அந்த மரபணுவே இல்லை என்று 2010இல் கண்டறிந்தார்கள். அந்த எச்சரிக்கையால் வாத்தின் உடல் முதல் நாளிலேயே எதிர்க்கத் தொடங்குகிறது. எல்லா எச்5 வைரஸ்களிலிருந்தும் வாத்து தப்பிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது, 2014இல் குட்டநாட்டில் செத்தவை வாத்துகள்தாம். ஆனால் பல கிளைகளில், குறிப்பாக வளர்ந்த வாத்துகள், கண்ணில் நீர் வடிவதும் தலை சற்றே சாய்வதுமான லேசான அறிகுறிகளோடு, அல்லது ஓர் அறிகுறியும் இல்லாமல், பல நாள் எச்சத்தில் வைரஸை இட்டுக்கொண்டே நடமாடும். கோழியில் நோய் வந்தால் சாவே அறிவித்துவிடுகிறது. வாத்தில் அப்படி அறிவிக்க ஒன்றும் இருப்பதில்லை.

வாத்து நோய் தெரியாமல் நிற்கும் பறவை மட்டும் அன்று, ஊர்விட்டு ஊர் போகும் பறவையும்கூட. செம்பல்லியும் சாரையும் குட்டநாட்டின் நாட்டு வாத்து வகைகள். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்ன ஆயிரக்கணக்கில் இறக்கி, அங்கே தீர்ந்ததும் லாரியில் ஏற்றி அடுத்த வட்டாரத்துக்குக் கொண்டுபோகிறார்கள். காட்டு வாத்து இரவில் மேய்ந்த அதே தாளடி வயலில் பகலில் இந்த மந்தை மேய்கிறது. 2004இல் தாய்லாந்தில் எச்5என்1 பரவிய இடங்களை வரைபடத்தில் இட்டுப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இதேதான் கிடைத்தது: பரவல் மிக நன்றாகப் பொருந்தியது மேய்ச்சல் வாத்துகளின் எண்ணிக்கையோடும் போகத்துக்குப் போகம் நெல் விளையும் நிலத்தோடும்தான், கோழிகளின் எண்ணிக்கையோடு அந்த அளவுக்கு இல்லை. கேரள அரசு 2024 பரவலுக்குப் பிறகு ஆலப்புழை, கோட்டயம் உள்ளிட்ட பகுதிகளில் கோழியும் வாத்தும் வளர்ப்பதற்கே சில மாதங்கள் தடை விதித்தது. வாத்துக்காரர்களின் கிறிஸ்துமஸ் வருமானமே போயிற்று என்று அதைக் குறைகூறினார்கள்; குறை நியாயமானது. ஆனால் சங்கிலியை எங்காவது அறுக்க வேண்டுமானால் அந்த இடம் அதுதான் என்பதும் உண்மை.

வேலமரத்துக் கொக்குக்கு வருகிறேன். நம் ஏரிக்கரையில் அடைபவை பெரும்பாலும் உண்ணிக்கொக்கும் மடையானும் சிறு நீர்க்காகமும்தான். இவை இங்கேயே பிறந்து வளர்ந்து, நாளுக்குச் சில மைல் சுற்றித் திரும்புபவை. இன்ஃப்ளூயன்சா வைரஸ்களின் இயற்கைத் தாயகம் வாத்துக் குடும்பமும் கடற்காகம், ஆலா, உள்ளான் வகைகளும்தான், கொக்கு அன்று. கொக்குக்கு இந்த நோய் வரவே வராது என்று சொல்ல மாட்டேன், செத்த வாத்தின் பக்கத்தில் மேய்ந்தால் வரும். ஆனால் மரத்தை வெட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஓரிடத்தில் அடைந்திருந்த இருநூறு பறவைகள் பத்து இடங்களுக்குச் சிதறும். அவற்றில் ஒன்றுக்கு நோய் இருந்தால் பத்து ஊருக்குப் போகும். காட்டுப் பறவைகளைச் சுடுவதையும் அவற்றின் இருப்பிடத்தை அழிப்பதையும் உலக விலங்குநல அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் கூடாது என்பது இந்தக் காரணத்தால்தான். நீங்கள் செய்ய வேண்டியது மரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறது: பக்கவாட்டு வலையில் காகமும் சிட்டும் நுழையும் ஓட்டை இருக்கக் கூடாது, சிந்திய தீவனம் வாசலில் கிடக்கக் கூடாது, ஏரி நீரை நேரடியாகக் கோழிக்குக் காட்டாமல் குளோரின் கலந்து ஒரு நாள் தொட்டியில் நிறுத்திய பிறகு விட வேண்டும், வரப்பில் மிதித்த செருப்போடு உள்ளே போகக் கூடாது. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் சிரித்துக்கொண்டே மீறுகிறார்கள்.

கொக்கைப் பார்க்கும் கண் லாரியைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். நாமக்கல் முட்டையும் பல்லடம் கறிக்கோழியும் வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாக நாள்தோறும் மேற்கே போகின்றன. திரும்பி வருபவை காலி வண்டிகளும் முட்டை அட்டைகளும் கோழிக் கூடைகளும். கேரளத்தில் பரவல் என்ற செய்தி வந்ததும் தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் இந்தச் சோதனைச் சாவடிகளில் நின்று வண்டிச் சக்கரங்களுக்குக் கிருமிநாசினி தெளிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நல்லதுதான், ஆனால் சக்கரத்தின் மேல் தெளித்தால் கூடையில் ஒட்டிய எச்சம் போகாது. காகிதக்கூழ் அட்டையைக் கழுவவே முடியாது, ஒரு முறை போன அட்டை திரும்பி வரக் கூடாது என்பதே என் கட்சி. தென்னந்தோப்புக்கு வாங்கும் கோழி எருவும் இப்படித்தான். எந்தப் பண்ணையிலிருந்து வருகிறது, அங்கே அண்மையில் சாவு உண்டா என்று கேட்டு வாங்குபவரை நான் இதுவரை ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

எல்லைக்கு வடகிழக்கிலும் கதை இதுவே. 2024 பிப்ரவரியில் நெல்லூர் மாவட்டத்திலும் 2025 பிப்ரவரியில் கோதாவரி மாவட்டங்களிலும் கோழிப் பண்ணைகளில் எச்5என்1 உறுதியானது. நெல்லூர்ச் செய்தி வந்தவுடன் அங்கும் வலசைப் பறவைகளின் மேல்தான் பழி விழுந்தது.

மனிதருக்கு வருமா என்ற கேள்வியை அந்தத் தம்பி கேட்கவில்லை, வீட்டில் குழந்தைகள் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். பறவை வைரஸ் பற்றிக்கொள்ளும் சியாலிக் அமிலத்தின் அமைப்பும் நம் மூக்கு, தொண்டையில் உள்ள அமைப்பும் வேறு. எனவே எளிதில் ஒட்டாது. ஒட்டினாலும், வைரஸின் படியெடுக்கும் நொதி வேலை செய்யப் பறவைச் செல்லில் உள்ள ஏஎன்பி32ஏ என்ற புரதம் துணை வேண்டும். பறவையின் அந்தப் புரதத்தில் இருக்கும் 33 அமினோ அமிலங்கள் நீண்ட ஒரு பகுதி நம்முடையதில் இல்லை. பிபி2 என்ற துண்டில் 627ஆம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறினால் வைரஸ் இந்தத் தடையைத் தாண்டிவிடுகிறது, ஆகவே ஆய்வகங்கள் ஒவ்வொரு மாதிரியிலும் முதலில் பார்க்கும் இடங்களில் அது ஒன்று. உலகெங்கும் 2003 முதல் ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு எச்5என்1 உறுதியாகி, அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் இறந்திருக்கிறார்கள். 2025இல் ஆந்திரத்தின் நரசராவ்பேட்டையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இறந்ததும் இதில் அடக்கம். எண்ணிக்கை குறைவு, வந்தால் கொடியது. உள்ளே 70 பாகை எட்டும்படி வெந்த இறைச்சியிலும் முட்டையிலும் வைரஸ் இருக்காது. செத்த கோழியை அறுப்பதும் இறகு பிடுங்குவதும்தான் ஆபத்து.

தடுப்பூசி போடக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சீனம் பல்லாண்டாகப் போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரிலிருந்து வாத்துகளுக்குப் போடுகிறது. இந்தியாவில் கொல்லும் வகைக்குத் தடுப்பூசி அனுமதி இல்லை. தடுப்பூசி போட்ட பறவை சாகாமல் வைரஸை இட்டுக்கொண்டிருந்தால் பரவல் கண்ணுக்குத் தெரியாமற்போய்விடும் என்ற அச்சமும் ஏற்றுமதித் தடையும் காரணம். முட்டை குறைவதோடு நிற்கும் எச்9என்2 வகைக்கு மட்டும் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்குநோய் நிறுவனம் தடுப்பூசி உருவாக்கியிருக்கிறது. பிரித்தானியாவில் 2023இல், முன்சொன்ன ஏஎன்பி32ஏ புரதத்தில் இரண்டே அமினோ அமிலங்களை மாற்றிய கோழிகளை வளர்த்துச் சோதித்தார்கள். சிறிய அளவு வைரஸ் கொடுத்தபோது பத்தில் ஒன்பது கோழிகள் தப்பின, ஆயிரம் மடங்கு கொடுத்தபோது பாதி கோழிகளுக்கு நோய் வந்துவிட்டது. நம் கொட்டகைக்கு அது வரும் காலம் அருகில் இல்லை.

இனி வாத்து மந்தை. உங்கள் வயலுக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு வாய்க்கால்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் விட வேண்டாம். வாத்துக்காரர் நல்லவராக இருக்கலாம், அவருடைய வாத்தும் நலமாகவே நடமாடலாம். நலமாக நடமாடும் வாத்துதான் இங்கே பிரச்சினை என்று மேலே சொன்னேன். மந்தை கிடைத்தால் வயலுக்கு எருவும் கையில் கொஞ்சம் பணமும் உண்டு என்பது எனக்குத் தெரியும், ஆனால் அது ஒரு பேட்ச் கோழியின் வளர்ப்புக் கூலிக்கு ஈடாகாது. நோய் உறுதியானால் ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள எல்லா வளர்ப்புப் பறவைகளையும், நோயற்றவை உட்பட, அழிக்க வேண்டும் என்பது விதி. பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்பு. அழிக்கப்பட்டவற்றுக்கு இழப்பீடு உண்டு, அதற்கு முன்பே செத்தவற்றுக்கு இல்லை. ஒப்பந்தக் கோழியில் அந்த இழப்பீடு கம்பெனிக்கா உங்களுக்கா என்பதை உங்கள் ஒப்பந்தத் தாளில் இப்போதே பார்த்துவிடுங்கள், பலர் பிறகுதான் பார்க்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர் மந்தை இறக்குவதை உங்களால் தடுக்க முடியாவிட்டால், அந்த நாட்களில் வாய்க்கால் நீரை எடுக்காமல் ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் விடுங்கள்; வாத்து மேய்ப்பவர்கள் கொட்டகைப் பக்கம் தண்ணீர் கேட்டு வந்தால் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அவர்களுடைய காலில் இருப்பது அவர்கள் குற்றமில்லை.

ஒரே நாளில் வழக்கத்தைவிட மிக அதிகமாகச் செத்தால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம், வெப்பமாகவும் இருக்கலாம், கண்ணால் பார்த்துப் பிரித்தறிய என்னாலும் முடியாது. செத்த கோழியைச் சாக்குப்பையில் கட்டி இருசக்கர வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுவராதீர்கள். என் பணிக்காலத்தில் அப்படி வந்தவர்கள் வழியில் தீவனக் கடையிலும் டீக்கடையிலும் நின்றுவிட்டுத்தான் வந்தார்கள். தொலைபேசியில் சொன்னால் மருத்துவர் வருவார். மூச்சுக்குழாயிலும் எச்சத் துவாரத்திலும் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்து, குளிர்ப்பெட்டியில் திருவல்லா ஆய்வகத்துக்கும் அங்கிருந்து போபாலுக்கும் அனுப்புவார்கள். முடிவு வரும் வரை கொட்டகையிலிருந்து ஒரு கோழியும், ஒரு மூட்டை எருவும், ஒரு தீவனச் சாக்கும் வெளியே போகக் கூடாது.